போத்தலில் அடைத்த சூரியன்: அணுக்கரு இணைவு உலைகளின் வரலாறு பற்றி வன்னியிலிருந்து ஒரு நோக்கு

அணுக்கரு இணைவைப் பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் ஒரு கூற்றுத் தவறாது இடம்பெறுவதைக் காணலாம். கடல்நீர் வற்றாதவரை இவ்வுலைகளுக்கு எரிபொருளும் வற்றாது என்பதே அக்கூற்று. அதனைப் படித்தும் கேட்டும் வளர்ந்த தலைமுறையினர் நாம். அது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே என்பதும், எஞ்சிய பாதியிலேதான் எழுபது ஆண்டுக்காலப் பொறியியல் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது என்பதும் இக்கட்டுரையிற் காட்ட முயலப்படும். கட்டுரையாளன் பௌதிகவியல் பயில்பவனல்லன். கலைப்பீடத்து வரலாற்று மாணவன். ஆகவே சமன்பாடுகளை இங்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வன்னியிற் பிறந்த ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணமொன்றுண்டு. 1990இல் வடக்கிற்கான மின்வழங்கல் அறுந்துபோன பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிரதேசங்களின் பெரும்பகுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேசிய மின்தொகுதிக்குப் புறம்பாகவே இருந்தது. மண்ணெண்ணெயும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களாயிருந்த அந்நாள்களிலே, ஜாம் போத்தலொன்றின் அடியிற் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை ஏற்றிப் படிக்கும் வழக்கம் உண்டாயிற்று. என் அப்பம்மா அத்தகைய போத்தலொன்றை இன்றும் அடுக்களைத் தட்டில் வைத்திருக்கின்றார். வீட்டிற்கு மின்சாரம் வந்து பல்லாண்டுகள் கழிந்தும் அதனை எறிய அவர் இசைந்தாரில்லை. எரிபொருள் சொட்டுக் கணக்கிற் கிடைக்கும்போது விளக்கின் உருவமே மாறிவிடுகின்றது என்பதற்கு அப்போத்தல் சான்று. எல்லையற்ற எரிபொருள் என்ற தொடரைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவதும் அதுவே.

போத்தலிற் சக்தியை அடைக்கும் கதை உலக வரலாற்றிலும் ஒன்றுண்டு. 1951 மார்ச் 24ஆம் நாள் ஆர்ஜென்ரீன நாட்டின் சனாதிபதி குவான் பெரோன், தமது நாட்டின் உவேமுல் என்னும் சிறு தீவிலே கட்டுப்படுத்தப்பட்ட வெப்ப அணுக்கருத் தாக்கம் நிகழ்த்தப்பட்டுவிட்டதென உலகுக்கு அறிவித்தார். ஒஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய ரொனால்ட் ரிக்டர் என்பவரே அவ்வாய்வை நடத்தியவர். இனிச் சக்தியானது பாலைப்போல அரை லீற்றர், ஒரு லீற்றர்க் கலங்களில் அடைத்து விற்கப்படும் என்றும் அன்று கூறப்பட்டது. மறு ஆண்டே ஆர்ஜென்ரீன அறிஞர் குழுவொன்று தீவுக்குச் சென்று ஆராய்ந்து, அங்கு அவ்வாறான தாக்கம் எதுவும் நிகழவில்லை எனக் கண்டறிந்தது. ஆய்வு நிலையமும் மூடப்பட்டது. ஆனால் வரலாற்றிலே பொய்ச்செய்தியும் மெய்யான விளைவைத் தருவதுண்டு. அமெரிக்க வானியலறிஞர் லைமன் ஸ்பிட்சர் இச்செய்தியைக் கேட்டபின் பனிச்சறுக்கச் சென்றவிடத்து, அதனை மெய்யாகவே செய்வதெங்ஙனம் எனச் சிந்திக்கலானார். அதன் பயனாகவே பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்ரெலறேற்றர் என்னும் கருவிக்கான ஆய்வு தொடங்கியது.

சோவியத் நாட்டின் தொடக்கம் இதனினும் சுவையானது. சகலின் தீவிற் படைச்சேவையிலிருந்த ஒலெக் லவ்ரென்ரியெவ் என்னும் இளைஞர், பல்கலைக்கழக வாசலை மிதியாத நிலையிலேயே, இணைவுச் சக்தியை மின்புலத்தால் அடக்கி ஆளலாம் என்றொரு திட்டத்தை எழுதி 1950இல் மொஸ்கோவுக்கு அனுப்பினார். அதனை மதிப்பிடும் பணி அந்திரேய் சகாரொவிடம் வந்தது. இளைஞரின் வழி செல்லாது என அவர் கண்டாராயினும், மின்புலத்துக்குப் பதிலாகக் காந்தப்புலத்தைக் கொண்டால் என்ன என்னும் எண்ணம் அவ்வாசிப்பிலிருந்தே அவருக்குப் பிறந்தது. சகாரொவும் இகோர் தம்மும் வகுத்த அவ்வழியே பின்னர் டோக்கமாக் எனப் பெயர் பெற்ற வளைய வடிவக் கருவியாக வளர்ந்தது. பரீட்சை எழுதாதவரின் கடிதத்தையும் படித்துப் பார்க்கும் பெருந்தன்மை சகாரொவிடம் இருந்தமை நம்போன்ற மாணவர்க்கு ஆறுதல் தருவதாகும்.

இவ்வாய்வுகளுக்கு அடிப்படையான அறிவு முன்னரே கைக்கெட்டியிருந்தது. சூரியனின் ஒளிக்கு ஐதரசன் ஈலியமாக மாறுதலே காரணமாகலாம் என ஆர்தர் எடிங்ரன் 1920இற் சுட்டினார். தியூத்திரியக் கருக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு இணைவைக் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் 1934இல் நிகழ்த்திக் காட்டினர் ஒலிபன்ற், ஹார்ரெக், றதர்போர்ட் ஆகியோர். விண்மீன்களில் அது நிகழும் முறையை ஹான்ஸ் பெத்தே 1939இல் விளக்கினார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை விண்மீன்களோடு மட்டும் சேர்த்து நாம் நினைவுகூர்வது வழக்கம். காந்தப்புலத்தில் ஓடும் பாய்பொருளின் உறுதிநிலை பற்றி அவர் எழுதி 1961இல் வெளிவந்த பெருநூல் இணைவு ஆய்வாளரின் மேசையிலும் இடம்பெற்றதென்பது ஈண்டு நோக்கற்பாலது. அந்நூலின் பொருளே, பின்னர்க் காணப்போவதுபோல, இவ்வரலாற்றின் முதற் பெருந்தடையாகவும் அமைந்தது. இவையெல்லாவற்றுக்கும் இடையே, 1952இல் ஐதரசன் குண்டு வெடித்தது. அடக்குவதற்கு அறியுமுன்னரே அழிப்பதற்கு அறிந்துகொண்டனர் என்பதற்கு மேல் அதைப் பற்றி இங்குக் கூறத் தேவையில்லை.

1955 ஓகஸ்ட் மாதம் ஜெனீவாவிலே, அணுச்சக்தியை அமைதிவழியிற் பயன்படுத்துவது குறித்து ஐக்கிய நாடுகள் கூட்டிய முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய அறிஞர் ஹோமி பாபா. அடுத்த இரு பதிற்றாண்டுகளுக்குள் இணைவுச் சக்தியைக் கட்டுப்பாட்டோடு வெளிப்படுத்தும் வழி கண்டறியப்படும் எனத் தமது தலைமையுரையில் அவர் துணிந்து எதிர்வு கூறினார். அவ்வாறாயின் 1975இற்குள் அது கைகூடியிருக்க வேண்டும். அதற்கு மூன்றாண்டுகளுக்குள்ளேயே, பிரித்தானியாவின் ஹாவெல் ஆய்வு நிலையத்திலிருந்த சீற்றா என்னும் கருவி இணைவை நிகழ்த்திவிட்டதென 1958 ஜனவரியிற் பெருமுழக்கத்தோடு அறிவிக்கப்பட்டது. அங்கு வெளிப்பட்ட நியூத்திரன்கள் வெப்பத்தால் நிகழ்ந்த இணைவின் விளைவல்ல எனச் சில மாதங்களிலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பாபாவையோ ஹாவெல் அறிஞரையோ எள்ளி நகையாடுவது எளிது. அவர்கள் வெப்பத்தையே தடையெனக் கருதினர். போதிய வெப்பம் ஊட்டப்பட்டால் மற்றவை தாமே நடக்குமென நம்பினர். தடை வேறிடத்தில் இருந்தது. ஒரு தடையைக் கடந்தபின்னரே அதன் பின்னால் நிற்கும் மற்றொரு தடை கண்ணிற்படும் என்பது இத்துறை வரலாற்றின் இயல்பாக இருந்து வந்துள்ளது. ஆண்டுக் கணக்குகள் பிழைத்தமைக்கு முதற் காரணம் இதுவே எனலாம்.

முதல் தடை பாத்திரம். சூரியனின் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை செல்சியஸ். ஆயினும் சூரியன் தன் பெரும் பாரத்தாலேயே தன்னை இறுக்கி வைத்திருக்கின்றது. நம்மிடம் அப்பாரம் இல்லை. ஆதலால் அதனிலும் பத்து மடங்கு, அதாவது 15 கோடி பாகை வெப்பம், பூமியில் வேண்டப்படுகின்றது. அவ்வெப்பத்தில் அணுக்கள் இலத்திரன்களை இழந்து பிளாஸ்மா என்னும் நிலையை எய்தும். எந்தச் சுவரும் அதனைத் தாங்காதென்பது மட்டுமன்று, சுவரைத் தொட்ட கணமே அது குளிர்ந்தும் போய்விடும். எனவே காந்தப்புலத்தால் அதனை அந்தரத்தில் நிறுத்தவேண்டியுள்ளது. இறுக்கிப் பிடிக்குந்தோறும் அது நெளிந்து, முறுகி, வழுவிச் செல்லும். ஈரக் களிமண்ணைக் கைக்குள் வைத்து இறுக்குபவன் விரலிடுக்குகளால் அது பிதுங்குவதைக் காண்பான், அதுபோன்றதே இதுவும். 1950களின் கருவிகள் யாவும் இந்த உறுதியின்மையிலேயே தோற்றன.

இத்தடை தளர்ந்த ஆண்டு 1968. நொவொசிபீர்ஸ்க் நகரில் நடந்த மாநாட்டிலே, தமது T-3 டோக்கமாக் கருவியில் ஏறத்தாழ ஒரு கோடி பாகை எட்டப்பட்டதென லெவ் ஆற்சிமோவிச் அறிவித்தார். மேலைநாட்டார் நம்பவில்லை. சீற்றாவினாற் சூடுபட்டிருந்த பிரித்தானியர் குறிப்பாக நம்பவில்லை. அதற்கு ஆற்சிமோவிச் மேற்கொண்ட வழி வியப்புக்குரியது. கலம் ஆய்வு நிலையத்து ஆங்கிலேய அறிஞர் குழுவொன்றை அவர் மொஸ்கோவுக்கே அழைத்தார். பனிப்போர் உச்சத்திலிருந்த 1969இல் அவர்கள் தங்கள் லேசர்க் கருவிகளுடன் சென்று, தாமே அளந்து, சோவியத் முடிபு சரியென உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் உலகெங்கும் டோக்கமாக்குகள் எழுந்தன. இந்தியாவிலே காந்திநகருக்கு அண்மையில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் 1986இல் நிறுவப்பட்டது. அதன் ஆதித்யா டோக்கமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் கலம் என்னுமிடத்தில் ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த ஜெற் என்னும் பெருங்கருவி 1983இல் முதற் பிளாஸ்மாவைக் கண்டது.

ஜெற் கருவியின் சாதனைகளை நம் வீட்டு மின்பட்டியலின் அலகிலே மாற்றிப் பார்த்தல் பயனுள்ளது. 1997இல் அது கணநேரம் 16 மெகாவாற் இணைவு வலுவைத் தந்தது. அதற்குப் பிளாஸ்மாவினுட் செலுத்தப்பட்ட வெப்பவலு 24 மெகாவாற். 2023 ஒக்ரோபரில், மூடப்படுவதற்குச் சற்று முன்னர், ஒரே துடிப்பில் 69 மெகாயூல் சக்தியைத் தந்து முன்னைய சாதனையை முறியடித்தது. அதற்குச் செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம் மட்டுமே. எரிபொருளின் ஆற்றலைக் காட்டுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் 69 மெகாயூல் என்பது மின்பட்டியற் கணக்கிலே 19 அலகுதான். எம் ஊர்ச் சிறு குடும்பமொன்று சில நாள்களிற் செலவிடும் அளவு. அமெரிக்காவின் தேசிய எரியூட்டல் நிலையம் 2022 டிசம்பர் 5ஆம் நாள் லேசர்க் கதிர்களால் நிகழ்த்திய இணைவு, இட்டதிலும் கூடுதலாகப் பெறப்பட்டதென்று உலகெங்கும் போற்றப்பட்டது. இடப்பட்ட லேசர்ச் சக்தி 2.05 மெகாயூல், பெறப்பட்டது 3.15 மெகாயூல். மெய்யே. ஆயின் அந்த லேசர்களை இயக்க மின்வலையிலிருந்து பெற்ற சக்தி ஏறத்தாழ 300 மெகாயூல். வெளிவந்தது ஓர் அலகுக்கும் குறைவு. உட்சென்றதோ எண்பது அலகுக்கு மேல். கணக்கை எங்குத் தொடங்கி எங்கு முடிக்கின்றோம் என்பதைப் பொறுத்து வெற்றியும் தோல்வியும் இடம் மாறும். வரவு செலவை வாசிக்கப் பழகிய வரலாற்று மாணவன் இதனைக் கவனியாது விடலாகாது.

இனிக் கட்டுமானத்துக்கு வருவோம். 1985இல் ஜெனீவாவில் றேகனும் கொர்பச்சேவும் சந்தித்தபோது பேசப்பட்ட கூட்டு முயற்சியே, நீண்ட இழுபறிக்குப் பின் 2006இல் ஏழு தரப்பினர் பரிசில் ஒப்பமிட்ட ஈட்டர் திட்டமாயிற்று. இந்தியாவும் அவ்வெழுவருள் ஒன்று. பிரான்சின் தென்பகுதியிற் கடறாஷ் என்னுமிடத்தில் எழுந்துவரும் இக்கருவி 23,000 தொன் எடையுள்ளது. 50 மெகாவாற் வெப்பத்தை உட்செலுத்தி 500 மெகாவாற் பெறுவது அதன் இலக்கு. மின்சாரம் பிறப்பிப்பது அதன் நோக்கமன்று; அது சோதனைக் கருவியே.

அதன் அமைப்பில் மனத்தை ஈர்ப்பது வெப்பமும் குளிரும் அடுத்தடுத்து நிற்கும் முறை. நடுவிலே 15 கோடி பாகைப் பிளாஸ்மா. அதிலிருந்து சில மீற்றர் அப்பால், நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த மீகடத்திக் கம்பிகளாலான காந்தச் சுருள்கள். இவை மைனஸ் 269 பாகையில், திரவ ஈலியத்தின் குளிரிலேயே தொழிற்படும். இவ்விரண்டையும் பிரிப்பன வெற்றிடமும் வெப்பக் கவசமும். இவை யாவற்றையும் உள்ளடக்கும் பெருங்குளிர்க்கலன் குஜராத் மாநிலத்தின் ஹசீராவில் லார்சன் அன் ரூப்ரோ நிறுவனத்தால் உறுப்பு உறுப்பாகச் செய்யப்பட்டுக் கப்பலேற்றப்பட்டது. உயரமும் விட்டமும் தனித்தனியே ஏறத்தாழ 30 மீற்றர்; மொத்த எடை 3,800 தொன்னுக்கு மேல். அதன் அடித்தட்டு மட்டுமே 1,250 தொன். 2020 மே மாதத்தில் அது குழியினுள் இறக்கப்பட்டது. ரிக்டரின் பாற்போத்தல் ஈற்றில் இவ்வுருவை எய்தியது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இத்தகைய பெருங்கலனைத் தடுத்து நிறுத்தியது எது? ஈட்டர் 2016இல் முதற் பிளாஸ்மாவைக் காணும் என ஒப்பந்த நாளில் எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அது 2025 ஆயிற்று. 2022இல் இரு குறைகள் வேலையை நிறுத்தின. வெற்றிடக் கலனின் துண்டுகளை ஒட்டவேண்டிய விளிம்புகள் வரைபடத்தோடு பொருந்தாதிருந்தமை ஒன்று. வெப்பக் கவசத்திற் பொருத்தப்பட்ட குளிரூட்டற் குழாய்களில் நுண்ணிய வெடிப்புகள் காணப்பட்டமை மற்றொன்று. ஆராய்ந்தபோது, உற்பத்தியின்போது எஞ்சிய குளோரைட்டே துருவேறா உருக்கை அரித்ததெனத் தெரியவந்தது. குழியினுள் இறக்கப்பட்டிருந்த கலத்துண்டும் வெளியே தூக்கப்பட்டது. 2024இல் வெளியிடப்பட்ட புதிய திட்டத்தின்படி ஆய்வுத் தொழிற்பாடு 2034இலும், உண்மையான எரிபொருளைக் கொண்ட தொழிற்பாடு 2039இலும் தொடங்கும். விண்மீன் பௌதிகம் எல்லாம் விளங்கியபின், கழுவித் துடைக்கப்படாத உப்பின் எச்சமொன்று ஆண்டுகளை விழுங்கியது. குழாய்க்கிணற்று நீரின் உவர் உலோகத்தை என்ன செய்யுமென்பதை வன்னியில் நீரிறைக்கும் எவரும் சொல்வர்.

பாத்திரமும் காந்தமும் அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது கண்ணிற்படுவதே எரிபொருட் சிக்கல். தொடக்கத்திற் கூறிய பாதி உண்மையை இனி ஆராயலாம். நீரிலுள்ள ஐதரசன் அணுக்களில் ஏறத்தாழ 6,400இற்கு ஒன்று தியூத்திரியம். ஒரு கன மீற்றர் நீரில் அது 30 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைச் சுமார் 13 கோடி கன மீற்றர் எனக் கொண்டால், நிறைந்த குளமொன்றில் ஏறத்தாழ 4,000 தொன் தியூத்திரியம் உண்டு. ஜெற் கருவியில் 0.2 மில்லிகிராம் எரிபொருள் 19 அலகு தந்ததை எண்ணினால் இது தலைசுற்றவைக்கும் செல்வம்.

ஆனால் தியூத்திரியம் தனித்து எரிவது மிகக் கடினம். இன்று கைக்கெட்டும் வெப்பநிலையில் எரிவது தியூத்திரியமும் திரித்தியமும் சேர்ந்த கலவையே. ஜெற் கருவியின் அந்த 0.2 மில்லிகிராமும் அக்கலவைதான். திரித்தியமோ குளத்திலும் இல்லை, கடலிலும் இல்லை எனலாம். கதிர்த்தொழிற்பாடுள்ள அது 12.3 ஆண்டுகளிற் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் இயற்கை அதனைச் சேமித்து வைப்பதில்லை. வணிகத் தேவைக்கு உலகிலுள்ள இருப்பு முப்பது கிலோவுக்கு மேற்படாது என மதிப்பிடுவர். அதுவும் பெரும்பாலும் கனேடியக் கனநீர் அணு உலைகளின் துணைவிளைவே. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1984 முதல் இயங்கிய உலைகளும் கனநீர் வகையினவே. ஆயிரம் மெகாவாற் இணைவு வலுவை ஓராண்டு இடைவிடாது தரும் உலையொன்றுக்கு வேண்டிய திரித்தியம் ஏறத்தாழ 56 கிலோ. உலக இருப்பு முழுவதும் ஓருலைக்கு ஓராண்டுக்கும் போதாது.

இதற்குக் கண்ட வழி, உலையே தனக்கு வேண்டிய எரிபொருளை விளைவித்துக்கொள்ளுதல். இணைவில் வெளிப்படும் நியூத்திரன் இலிதியத்தைத் தாக்கினால் திரித்தியம் பிறக்கும். எனவே பிளாஸ்மாவைச் சூழ இலிதியம் கொண்ட போர்வையொன்று வேண்டும். எரிந்த ஒவ்வொரு திரித்தியத்துக்கும் ஒன்றுக்குச் சற்று மேலாகவே திரும்பப் பெறப்படல் வேண்டும். குழாயிலும் சுவரிலும் தங்குவதையும், காத்திருக்கையில் தேய்வதையும் ஈடுசெய்ய வேண்டுமல்லவா? விதைநெல்லை உண்டுவிட்டவன் அடுத்த போகத்துக்கு என்செய்வான் என்பதை வயற்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. முழு அளவிலான அத்தகைய போர்வை இன்னும் எந்த உலையிலும் தொழிற்பட்டதில்லை. ஈட்டரிற் சிறிய மாதிரிகளே சோதிக்கப்படவுள்ளன. ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றியவரின் கவலையும் ஈட்டர்ப் பொறியியலாளரின் கவலையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

அந்த நியூத்திரன்கள் வேறொரு தொல்லையையும் தருவன. மின்னேற்றம் அற்றவையாதலின் காந்தப்புலம் அவற்றைத் தடுக்காது. அவை சுவரினுட் புகுந்து உருக்கின் அணுக்களை இடம்பெயர்த்து, அதனை நொறுங்கத்தக்கதாக்கும், கதிர்த்தொழிற்பாடுடையதாகவும் ஆக்கும். பிளவு உலைகளைப்போல ஆயிரமாயிரம் ஆண்டு நீடிக்கும் கழிவு இங்கில்லை என்பது பெரிய நன்மை. ஆயினும் உட்சுவரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரக் கைகளாற் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். மிக உயர்ந்த உருகுநிலையுடைய தங்குதனால் உட்சுவரை அமைக்க முயல்வதும், கதிர்த்தொழிற்பாடு விரைவில் அடங்கும் உருக்கு வகைகளைத் தேடுவதும் இதன் பொருட்டே. இந்தியாவின் அத்தகைய உருக்கை உருவாக்கியதில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்குண்டு.

அண்மைக் காலத்திலே தனியார் நிறுவனங்கள் பலவும் இத்துறையில் இறங்கியுள்ளன. புதிய வகை மீகடத்தியைக் கொண்டு 20 ரெஸ்லா காந்தப்புலத்தை எய்திய 2021ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனை உண்மையான முன்னேற்றமே. காந்தம் வலியதாயின் உலை சிறியதாகலாம். அவர்கள் கூறும் ஆண்டுக் கணக்குகளை மட்டும் 1955இன் நினைவோடு கேட்பது நன்று.

இத்தனை இடர்களையும் தாண்டி இவ்வுலைகள் வந்தாற் பயன் என்ன? மின்சாரம் முதலாவது. ஆலைகளுக்கு வேண்டிய உயர்வெப்பம், ஐதரசன் உற்பத்தி, கடல்நீரை நன்னீராக்கல் ஆகியவற்றையும் குறிப்பிடுவர். இவற்றுள் இறுதியானது எமக்கு வெறும் பாடப்பொருளன்று. 1902இல் தொடங்கி இருபதாண்டளவு நீண்ட வேலையால் கனகராயன் ஆற்றை மறித்து உருவானது இரணைமடு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர்த் தேவைக்கு அக்குளத்து நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்திலிருந்து எதனைக் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. தாகத்துக்கு நீர் கேட்பவரை மறுக்கலாமா என்பது மறுபக்கத்தார் கேள்வி. இரண்டும் நியாயமே. ஒரே மொழி பேசும் இரு நிலத்தாரிடையே மனக்கசப்பு வளர்ந்த அந்த ஆண்டுகளை இங்கு விரிக்க விரும்பவில்லை. ஈற்றில் வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இற் திறக்கப்பட்டது. அதாவது நீர்ப் பிணக்கொன்று மின்சாரத்தால் தணிக்கப்பட்டது. ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு வரை செலவாகும் எனக் கொண்டால், அந்நிலையத்துக்கு ஏறத்தாழ 4 மெகாவாற் இடைவிடாது வேண்டும்.

நான்கு மெகாவாற்! கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பகுதியிலே 2014 முதல் சுழலும் புலோப்பளை, வல்லிமுனைக் காற்றாலைகள் தலைக்குப் பத்து மெகாவாற் வலுவுடையன. இணைவு உலையோ நூற்றுக்கணக்கான மெகாவாற்றுக்குக் குறைந்து பயனளிப்பது அரிது. பிளாஸ்மாவின் பருமன் குறைந்தால் வெப்பம் தங்காதென்பது அதன் இயல்பு. இலங்கையின் உச்ச மின்தேவையே 2,500 முதல் 3,000 மெகாவாற் வரையில் நிற்கின்றது. நுரைச்சோலையின் ஓரலகு 300 மெகாவாற். சிறிய வலையமைப்பிற் பெரிய அலகொன்று திடீரென நின்றால் மற்றவையும் அதனைத் தொடர்ந்து சரியும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியபோது நுரைச்சோலையின் மூன்றலகுகளும் நின்றன. குரங்கொன்று புகுந்ததே காரணமெனப் பத்திரிகைகள் எழுதின. ஆயிரம் மெகாவாற் இணைவு உலையொன்றை எவரேனும் நமக்கு இலவசமாகத் தந்தாலும் அதனை இணைப்பதற்கான வலை நம்மிடம் இல்லை என்பதே உண்மை நிலை.

வன்னியின் மின்வரலாறு கற்பிப்பதும் இதுவே. 1990இன் பின்னரும் லக்சபானவில் நீர் விழுந்துகொண்டுதானிருந்தது, மின்பிறப்பாக்கிகளும் சுழன்றுகொண்டுதானிருந்தன. கிளிநொச்சியிலே இருளிருந்தமைக்குக் காரணம் சக்தி இன்மையன்று, கம்பி இன்மையே. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அப்பால் சுன்னாகத்துக்கும் உயரழுத்தக் கம்பி மீண்டும் இழுக்கப்பட்டது 2010களின் முற்பகுதியில்தான். கனகராயன் ஆற்றில் நீர் எப்போதும் ஓடியது. அணையில்லாத காலத்தில் அது கடலுக்கே சென்றது. தியூத்திரியமும் அவ்வாறே இரணைமடுவிற் கிடக்கின்றது.

அறிவியல் நகரிலே, அக்குளத்துக்கு அண்மையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கி வருகின்றது. ஈட்டரின் எழுவருள் இலங்கை இல்லை. எனினும் காந்திநகரும் கல்பாக்கமும் தொலைவிலில்லை. உருக்கின் அரிப்பு, மீகடத்தி, சிறு வலையமைப்பின் உறுதிநிலை ஆகியவை நம் மாணவர் கைவைக்கக்கூடிய ஆய்வுப் பொருள்களே; இவற்றுள் இறுதியானது இணைவு உலை வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு வேண்டியது. ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை, ஈட்டர் கூறும் 2039 வரை காத்திருப்பவர்க்கு ஒரு கணக்கு மட்டும் எஞ்சியுள்ளது. 2025இற் குடுவையில் அடைத்து வைத்த ஒரு கிலோ திரித்தியத்தில், அவ்வாண்டு வரும்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ 450 கிராம்.